பேகனின் மலையில் நடுங்கிய கைகள்

பொதினி என்று சங்கப் புலவர் பாடிய மலையே இன்றைய பழனி என்பர். ஆவியர் குடித் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன் அம்மலைக்கு உரியவன். மயில் குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்ற செய்தியை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று மாணவர் சிரிப்பதும் ஆண்டுதோறும் நிகழ்வதே. அது ஆடியதா நடுங்கியதா என்று பேகன் ஆராயவில்லை. நடுக்கம் என்று பட்டது, கொடுத்தான். அதே மலைத்தொடரின் உச்சியில், இருபதாண்டுக் காலத்திற்குள், மனிதக் கைகள் பல நடுங்கத் தொடங்கிய வரலாற்றைப் படித்தபோது இக்கதை வேறொரு பொருள் தந்தது. அந்த நடுக்கத்தை முதலில் யாரும் நடுக்கம் என்று ஏற்கவில்லை.

கொடைக்கானல் உடல்நலத்திற்கென்றே பிறந்த ஊர். சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சிய அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் 1845இல் இங்கே தம் முதல் வீடுகளைக் கட்டினர். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் அமெரிக்காவிலிருந்தே ஒரு தொழில் வந்து சேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிய சீஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் பாம்பார் சோலையின் விளிம்பில் குடியேறியது. பாதரசத்தைப் பற்றிய அச்சமும் கட்டுப்பாடும் மேலைநாடுகளில் இறுகி வந்த காலம் அது. கண்ணாடியும் பாதரசமும் வெளிநாட்டிலிருந்து வந்தன. செய்து முடித்த வெப்பமானிகள் வெளிநாட்டுக்கே திரும்பின. இம்மலையில் தங்கியவை கூலியும் கழிவும். 1987இல் நிறுவனம் யூனிலீவரின் உடைமையாயிற்று. பின்னர் இந்துஸ்தான் லீவரின் பெயரில் ஆலை நடந்தது.

சித்தர் மரபில் வளர்ந்த தமிழருக்குப் பாதரசம் புதிதன்று. இதள் என்றும் சூதம் என்றும் அதற்கு நம்மிடம் பழம்பெயர்கள் உண்டு. மலையடிவாரத்துப் பழனியாண்டவர் திருமேனியைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது வழிவழி நம்பிக்கை. நஞ்சைக் கட்ட வேண்டும், கட்டாத நஞ்சு கொல்லும் என்பது அம்மரபின் அடிப்படை அறிவு. ஆனால் ஆலைத் தளத்தில் சிந்தும் பாதரசம் கட்டப்படாதது. நிறமும் மணமும் இல்லாத ஆவியாக எழுவது. மூச்சில் சென்ற ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உடலில் தங்குகிறது; குருதியோடு கலந்து மூளைக்குள் நுழைகிறது; அங்கே வேதிமாற்றம் அடைந்து, நுழைந்த வழியே எளிதில் திரும்ப இயலாமல் சிறைப்படுகிறது.

இதனால் விளையும் கேட்டின் வரலாறு நீண்டது. இத்தாலிய மருத்துவர் ராமசீனி 1700இல் வெளியிட்ட தொழில்நோய் நூலில் பொன்முலாம் பூசுவோரும் கண்ணாடிக்கு ரசம் பூசுவோரும் படும் பாட்டை எழுதி வைத்தார். இன்று ஸ்லோவேனியாவில் உள்ள இட்ரியா சுரங்கத்தில் 1665இலேயே ரசச்சுரங்கத் தொழிலாளரின் வேலைநேரம் ஆறு மணியாகக் குறைக்கப்பட்டது. மிகவும் அறியப்பட்டவர்கள் தொப்பித் தொழிலாளர். முயல் மயிரைக் கம்பளமாக்கப் பாதரச உப்பைப் பயன்படுத்திய அவர்களுக்குக் கை நடுக்கம் வந்தது. அமெரிக்காவின் டான்பரி நகரில் அது ஊரின் பெயராலேயே அழைக்கப்பட்டது. லூயிஸ் கரோலின் பித்துப்பிடித்த தொப்பிக்காரனை ஆங்கில இலக்கிய மாணவர் அறிவர். அவன் பித்துக்கும் பாதரசத்திற்கும் உறவு உண்டா என்பதில் ஆய்வாளர் ஒருமனப்படவில்லை. நாமும் அதை வலியுறுத்த மாட்டோம். தொப்பித் தொழிலில் அந்த உப்பு அமெரிக்காவில் விலக்கப்பட்டது 1941இல்தான்.

நம்மை நிறுத்திவைத்தது கை நடுக்கம் அன்று, அதனுடன் வரும் மனமாற்றம். மருத்துவர் அதை எரெதிசம் என்கின்றனர். எரிச்சல், கிளர்ச்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. தூக்கம் குலைகிறது. நினைவு தவறுகிறது. காரணமில்லாத சினமும் சோர்வும் மாறிமாறி வருகின்றன. இவற்றினும் விந்தையான ஓர் அறிகுறி உண்டு: நேற்றுவரை கூட்டத்தில் சிரித்துப் பேசியவர் மிகைப்பட்ட நாணத்திற்கு ஆளாகிறார். யாரேனும் பார்த்துக்கொண்டிருந்தால் அவரால் வேலை செய்ய முடிவதில்லை. மேற்பார்வையாளர் அருகில் வந்து நின்றதும் பதறுகிறார், கருவியைத் தவறவிடுகிறார். பழைய மருத்துவ நூல்கள் இதைத் தெளிவாகவே குறித்துள்ளன.

ஓர் ஆலைக்குள் இதன் பொருள் என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பார்க்கப்படும்போதே பிழை செய்கிறவர் எந்த மேலாளரின் கண்ணிலும் கவனக்குறைவுள்ளவர். நடுங்குகிறவர் குடிகாரர். சினப்படுகிறவர் ஒழுங்கீனர். சோர்ந்து விடுப்பு எடுப்பவர் சோம்பேறி. நோயின் ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு குணக்குறை முன்னதாகவே பெயராகக் காத்திருக்கிறது. கால் இழந்தவரை அவ்வாறு ஏசுவதற்கு ஊர் சற்றே கூசும். மனம் தளர்ந்தவரை ஏசக் கூசுவதில்லை. வீட்டிலும் இதே தீர்ப்புத்தான். மனைவியும் மக்களும் காண்பது நோயாளியை அன்று, மாறிவிட்ட மனிதரை. கொடைக்கானலில் குளிரும் சேர்ந்துகொள்கிறது. நடுக்கத்திற்கு அங்கே எப்போதும் ஒரு காரணம் தயாராக உண்டு.

2001 மார்ச் 7ஆம் நாள் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கடை ஒன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, 7.4 டன் அளவில், பொதுமக்கள் முன் வெளிப்பட்டது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸ் அமைப்பும் அதை உலகறியச் செய்தன. அம்மாதமே உற்பத்தி நின்றது. ஆலை மீண்டும் திறக்கவில்லை. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திற்குச் சென்றது. வந்த இடத்திற்கே கழிவு திரும்பிச் சென்ற அரிய நிகழ்ச்சி அது. மனிதரைத் திருப்பி அனுப்ப இயலாது. அவர்கள் ஊரிலேயே இருந்தனர்.

வேலையிழந்தோர் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். இளம்வயதிலேயே வேலைக்குச் சேர்ந்ததையும், போதிய பாதுகாப்பின்றிப் பாதரசத்தைக் கையாண்டதையும், அது படிந்த உடையோடு வீடு திரும்பியதையும் அவர்கள் சொன்னார்கள். ஆலையில் உரிய பாதுகாப்பு இருந்தது, எவர் உடல்நலமும் பாதரசத்தால் கெடவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. நீதிமன்ற ஆணைப்படி அமைந்த வல்லுநர் குழு, தொழிலாளரின் அப்போதைய நோய்களைப் பழைய பாதரசத் தொடர்போடு இணைக்கப் போதிய சான்றில்லை என்றது. 2011இல் நடுவண் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கையோ தொழிலாளர் மட்டுமன்றி அவர்தம் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முதல்நோக்குச் சான்று உண்டு என்றது.

இருவேறு முடிவுகளைப் படிப்பவர் மயங்கக்கூடும். நச்சியல் நம் துறையன்று. எனினும் பாடநூல்களில் உள்ள ஒரு செய்தி இங்கே உதவும். சிறுநீரில் காணும் பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஓராண்டு வேலையை விட்டு விலகியிருந்தாலே அறுபதில் ஒரு பங்குதான் எஞ்சும். ஆலை மூடி ஐந்தாறு ஆண்டு கழிந்தபின் சிறுநீரைச் சோதிப்பது, அணைந்த அடுப்பில் கைவைத்து நேற்று சோறு பொங்கியதா என்று கேட்பதற்கு நிகர். நரம்பிலும் மனத்திலும் எஞ்சியதை அளக்கும் கருவி அத்தனை எளிதன்று. தூக்கமின்மைக்கும் மறதிக்கும் வேறு நூறு காரணங்கள் உண்டு. அந்த நூறும் எதிர்த்தரப்பின் வாதமாகிவிடும்.

2015 சூலையில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய சொல்லிசைப் பாடல் இணையத்தில் இலட்சக்கணக்கானோரை எட்டியது. பதினான்கு ஆண்டு மனுக்களால் ஆகாததை ஒரு பாட்டு அசைத்தது என்பதை இலக்கியம் பயில்வோர் சற்றுப் பெருமிதத்தோடு குறித்துக்கொள்ளலாம். 2016 மார்ச் 9ஆம் நாள் 591 முன்னாள் தொழிலாளருடனும் குடும்பத்தினருடனும் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. தொகை வெளியிடப்படவில்லை. மனிதாபிமான அடிப்படையிலான கருணைத்தொகை என்றே நிறுவனம் அதைக் குறிப்பிட்டது. இழப்பீடு என்ற சொல் அங்கே இல்லை.

பாதரச நஞ்சேற்றம் தொழில்வழி நோய் என்பதைத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையும் ஏற்றிருந்தன. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநோயையும் குறைபாட்டு வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. உடன்பாடு வந்த அதே 2016இன் இறுதியில் நிறைவேறிய புதிய சட்டம் ஏழு வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. பணிக்காலத்தில் குறைபாடு அடைந்தவரை வேலையினின்று நீக்கலாகாது என்ற காப்பும் அதில் உண்டு. அக்காப்பு அமைந்துள்ள இருபதாம் பிரிவைத் தேடிப் படித்தோம். அது அரசு நிறுவனங்களுக்கு உரியது.