பில் கட்டுவது நீங்கள்தானே?

டெல்லிக்கு மாற்றலாகி வந்த புதிதில் நாங்கள் இருந்தது மேல்மாடி வீடு. மே மாதம் இரவு பதினோரு மணிக்கும் தளம் கொதிக்கும். ஓனர் மாட்டியிருந்த ஏசி அரதப் பழசு. முதல் கோடை பில்லைப் பார்த்துவிட்டு, மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னார்: "பில் கட்டுவது நீங்கள்தானே!"

கோபம் வந்தது. ஆனால் காமர்ஸ் படித்தவனுக்குக் கணக்கும் புரிந்தது. செலவு அவருக்கு, மிச்சம் எனக்கு. அவர் ஏன் செய்வார்? மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போகிற நான்தான் ஏன் செய்வேன்? சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். கிடைத்த சரித்திரம் இது.

1958 டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 44-ஆம் பிரிவு, வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் பழுது பார்த்து வைப்பது ஓனர் கடமை என்கிறது. 45-ஆம் பிரிவு, தக்க காரணமின்றித் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது என்கிறது. அன்றைய கவலை கரண்ட் இருக்கிறதா என்பதுதான். எவ்வளவு வீணாகிறது என்பதல்ல. அதுவும் 1988 திருத்தத்துக்குப் பிறகு மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது. (அந்த வாடகைக்கு டெல்லியில் வீடு இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்!)

மின்சிக்கனத்தின் கதை தனிப் பாதையில் போனது. 2001-இல் எரிசக்தி சேமிப்புச் சட்டம். 2006-இல் நட்சத்திர லேபிள். 2010-இல் ஏசிக்கு அது கட்டாயமானது. நல்ல திட்டம்தான். ஆனால் லேபிளைப் பார்ப்பவர் கடையில் பணம் கொடுப்பவர். வாடகை வீட்டில் அவர் ஓனர். பில் கட்டுபவர் வேறு ஆள்.

கட்டிடங்களுக்கான விதி 2007-இல் பெரிய வணிகக் கட்டிடங்களோடு தொடங்கியது. வீடுகளுக்கு 2018-இல் 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா', 2019-இல் வீட்டுக்கான லேபிள். 2022 திருத்தம் குடியிருப்புகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் 100 கிலோவாட் இணைப்புள்ள கட்டிடங்களை. எங்கள் மாடி வீடு அதன் பக்கத்தில்கூட வராது.

இங்கிலாந்தில் இரண்டு பாதைகளும் சந்தித்தன. 2008 அக்டோபர் முதல், வாடகைக்கு விடும் வீட்டுக்கு 'ஏ' முதல் 'ஜி' வரை தரமிட்ட எரிசக்திச் சான்றிதழ் தர வேண்டும். 2018 ஏப்ரலில் 'இ'-க்குக் கீழான வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடத் தடை வந்தது. 2020-இல் ஏற்கெனவே குடியிருப்போர் வீடுகளுக்கும் நீண்டது. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் கடமை ஓனருடையது.

நம் மத்திய அரசு 2021-இல் மாதிரி வாடகைச் சட்டம் கொண்டுவந்தது. வெள்ளையடிப்பதும் வயரிங்கும் ஓனர் பொறுப்பு, கீசர் ரிப்பேரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு என்று பட்டியலே போட்டார்கள். மின்சிக்கனத்துக்கு அதில் ஒரு வரி இல்லை. அதுவும் மாதிரிதான், மாநிலங்கள் தனியே சட்டமாக்க வேண்டும்.

ஆகவே நமக்கு நாமேதான். மாற்றலாகி வீடு தேடுபவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் போன மே, ஜூன் மாத பில்களைக் கேளுங்கள். ஏசி லேபிளில் நட்சத்திரத்தோடு வருடத்தையும் பாருங்கள். தரஅளவு ஏறிக்கொண்டே போவதால் பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து அல்ல. பேசியதை அக்ரிமெண்டில் எழுதி வாங்குங்கள்.

நான் கடைசியில் என் செலவில் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். சூடு கொஞ்சம் குறைந்தது. அடுத்த வருடம் மாற்றல் வந்துவிட்டது!