ஆந்த்ரமே: இரண்டு சுற்றுக்கு நடுவே ஒரு சொல்

மாயக்கதை உலகங்களில் அரசவை விருந்து என்றால் பண்டங்களின் பட்டியல் சுற்றுச் சுற்றாக நீளும். வறுத்த அன்னம், மயில், பன்றித்தலை என்று ஆசிரியர் அடுக்கிக்கொண்டே போவார். அத்தகைய விருந்துகள் பலவற்றுக்கு முன்மாதிரி இடைக்கால பிரெஞ்சு, பர்கண்டி அரசவைகள். ஆனால் அந்த விருந்துகளின் உயிர் எந்தப் பண்டத்தின் பெயரிலும் இல்லை, ‘ஆந்த்ரமே’ என்ற சொல்லில் இருக்கிறது. பிரெஞ்சில் ‘ஆந்த்ர்’ என்றால் இடையில். ‘மே’ என்றால் மேசைக்கு வந்த உணவு. அது ‘அனுப்பு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது, அதாவது அடுக்களையிலிருந்து கூடத்துக்கு அனுப்பப்பட்டது. அந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்லே ஆங்கிலத்துக்குப் போய், சேர்ந்துண்ணும் கூட்டத்தையும் பிறகு உண்ணும் இடத்தையும் குறித்து, திருவல்லிக்கேணி ‘மெஸ்’ வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆந்த்ரமே என்பது இரண்டு சுற்றுகளுக்கு நடுவே வருவது. அது எந்தப் பொருளுக்கும் பெயராக இருந்ததில்லை, விருந்தில் ஓர் இடத்துக்கே பெயராக இருந்தது என்பது என் துணிபு. அதனால்தான் அரசியலே அதற்குள் குடியேற முடிந்தது.

‘வியாந்தியே’ என்ற பழைய பிரெஞ்சுச் சமையல் நூலைப் பாருங்கள். தாய்யவான் என்று அறியப்பட்ட அரண்மனைச் சமையற்காரரின் பெயரில் வழங்கும் நூல் அது. ஆனால் அதன் மிகப் பழைய படி அவர் காலத்துக்கும் முந்தியது. அதில் ஆந்த்ரமே என்ற தலைப்பின் கீழ் கோதுமைக் கஞ்சி இருக்கிறது, பாலும் குங்குமப்பூவும் சேர்த்த சோறு இருக்கிறது, கூழ்போல் உறையவைத்த மீன் இருக்கிறது, உள்ளுறுப்புகளும் இருக்கின்றன. இவற்றை ஒரே குடும்பமாக்கும் சுவையோ சமைக்கும் முறையோ கிடையாது. அதே வரிசையில் அன்னமும் வருகிறது. இறகோடு தோலை உரித்து, இறைச்சியை வறுத்து, மறுபடி அந்தத் தோலையே போர்த்தி, உயிரோடு அமர்ந்திருப்பதுபோல் மேசைக்குக் கொண்டுவருவார்கள். இங்கேதான் சொல் திரும்புகிறது. கஞ்சி உண்பதற்கு வந்தது, அன்னம் முதலில் பார்ப்பதற்கு வந்தது. 1420-இல் சவாய் நாட்டுச் சமையற்காரர் ஷிக்கார் எழுதிய நூலில், நெருப்புக் கக்கும் பன்றித்தலையும் நீரூற்றும் கொண்ட கோட்டை ஒன்றை நால்வர் சுமந்துவர வேண்டும் என்கிறார். அதுவும் ஆந்த்ரமேதான்.

சமையற்கட்டையே விட்டுப் போனவையும் உண்டு. 1378 ஜனவரி 6 அன்று பாரிஸில் ஐந்தாம் சார்லஸ் தன் தாய்மாமனான பேரரசர் நான்காம் சார்லஸுக்கு அளித்த விருந்தில், 1099-இல் சிலுவைப் போர் வீரர்கள் ஜெருசலேமைப் பிடித்த காட்சி கப்பலும் கோட்டைமதிலுமாக நடித்துக் காட்டப்பட்டது. கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த மறு ஆண்டு, 1454 பிப்ரவரி 17-இல், லீல் நகரில் பர்கண்டிக் கோமகன் பிலிப் வைத்த விருந்து இன்னும் பெரியது. ஒரு மேசையில் 28 இசைக்கலைஞர்கள் அமர்ந்த மாபெரும் பணியாரக்கூடு. அதே மேசையில் பாம்புவாலுள்ள தேவதை மெலுசீன் கோபுரத்தில் நிற்கும் லூசிஞான் கோட்டை. பிறகு அரக்கன் ஒருவன் நடத்திவந்த யானைமேல் துயர உடையில் திருச்சபை வந்து உதவி கேட்டது. அந்த வேடத்தில் இருந்த ஒலிவியே த லா மார்ஷே பின்னாளில் அந்த விருந்தை எழுதியும் வைத்தார். கோமகன் ஒரு ஃபெசன்ட் பறவையை முன்வைத்துச் சிலுவைப் போருக்குச் செல்வதாகச் சபதம் செய்தார். போகவே இல்லை.

ஒருவர் மறுக்கலாம்: உணவுக்கு ஒரு ஆந்த்ரமே, கூத்துக்கு வேறொரு ஆந்த்ரமே, இரண்டும் இடையில் வருவதால் பெயர் ஒத்துப்போயிற்று, அவ்வளவுதான் என்று. இது எளிதில் தள்ளக்கூடிய மறுப்பு அல்ல. ஆனால் உண்மையிலேயே இரண்டு சொற்கள் என்றால் நடுவில் வெற்றிடம் இருக்க வேண்டும். இருப்பதோ தொடர்ச்சி: தோல் போர்த்திய அன்னம் உணவும் காட்சியும், லீல் பணியாரக்கூடு தின்பண்டத்தின் உருவில் இசைமேடை. லீல் விருந்தைப் பற்றி எழுதியவர்கள் மேசையில் அசையாமல் நின்ற கோட்டையையும் நடந்துவந்த யானையையும் அதே பெயரால் எண்ணினார்கள். ஸ்பானிய மொழியும் சாட்சி. அங்கே ‘எந்த்ரெமேஸ்’ சாப்பாட்டுக்கு முன் வரும் கொறிப்பையும் குறிக்கும், நாடக அங்கங்களுக்கு நடுவே ஆடும் நகைச்சுவைக் குறுநாடகத்தையும் குறிக்கும். செர்வாந்தேஸ் 1615-இல் எட்டு நாடகங்களோடு அத்தகைய எட்டு இடைநாடகங்களை நூலாக்கினார். தட்டும் மேடையும் ஒரே சொல்லில் இன்றும் ஒட்டியிருக்கின்றன.

சொற்பிறப்பு வேறு, வழக்கு வேறு என்பாருக்கும் பதில் உண்டு: பிறப்பு மறந்த பிறகும் இடம் மறக்கவில்லை. அரசவைக் கூத்து தனி மேடைக்குப் போனபின், 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு விருந்தில் ஆந்த்ரமே என்பது வறுவலோடு ஒட்டிவந்த காய்கறியையும் இனிப்பையும் சேர்த்தே குறித்தது. இன்று அதில் இனிப்பு மட்டும் நிலைத்து, பாரிஸ் கடைகளில் அடுக்கடுக்கான கேக் அந்தப் பெயரில் விற்கிறது. ஆனால் பெரிய பிரெஞ்சு உணவகங்களின் சமையற்கட்டில் ‘ஆந்த்ரமெத்தியே’ என்று அழைக்கப்படுபவர் இனிப்புப் பக்கமே போவதில்லை. அவர் பார்ப்பது காய்கறியும் சூப்பும் முட்டையும்.