பாதி அலைநீளமும் பொய்க் கோடுகளும்

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மாறிகளைக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, 1949-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வாகும்.

அங்கிருந்த கிராபைட்டு அணு உலை 1943-இல் இயங்கத் தொடங்கியது. போருக்குப் பின் எர்னஸ்ட் வோலனும் கிளிஃபர்ட் ஷல்லும் அவ்வுலையின் நியூட்ரான் கற்றையைக் கொண்டு பொருள்களின் உள்ளமைப்பை ஆராய முற்பட்டனர். கற்றையில் பல அலைநீளங்கள் கலந்திருக்கும். ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க ஒரு படிகம் வேண்டும். சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. படிகம் ஒரு கோணத்தில் ஓர் அலைநீளத்தைத் திருப்பி அனுப்பும்போது, அதில் சரிபாதி அலைநீளமும் அழையா விருந்தாளியாய் உடன் வந்துவிடும். சுவரிலும் காற்றிலும் சிதறி வருவனவற்றைக் காட்மியம் போன்ற கவசங்களால் பெரிதும் தடுக்கலாம். இதுவோ நல்ல நியூட்ரான் வரும் வழியிலேயே வருகிறது. கவசம் என்ன செய்யும்?

ஷல்லும் ஸ்மார்ட் என்பாரும் மாங்கனீசு ஆக்சைடை 80 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது புதிய கோடுகள் தோன்றின. சில பொருள்களில் அணுக் காந்தங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அடுக்கப்பட்டிருக்கும் என்று பிரான்சின் லூயி நேயல் 1930-களிலேயே கருதியிருந்தார். அது மெய்யானால் அடுக்கின் அளவு இரட்டிக்கும்; பாதி இடங்களில் புதுக் கோடுகள் எழும். ஆனால் பாதி அலைநீளம் உண்டாக்கும் பொய்க் கோடுகளும் அதே இடங்களில்தான் விழும்! நேயலின் கருத்தே அந்தச் சில கோடுகளை நம்பி நின்றது.

மெய் எது, பொய் எது? அதே மாதிரியை அறை வெப்பநிலையிலும் அளந்தனர். அக்கோடுகள் மறைந்தன. படிகத்தின் குறையால் வந்தவையாயின், மாதிரி சூடானாலும் அவை அங்கேயே நின்றிருக்கும். வெப்பநிலை ஒன்றே தற்சார்பு மாறி, ஏனையவை கட்டுப்படுத்தப்பட்டவை. நம் பாடநூலில் பலூனும் மெழுகுவத்தியும் காட்டும் அதே முறைதான்.

பிற்காலத்தில் வேறு வழிகளும் வந்தன. சிலிக்கான், செருமானியம் ஆகியவற்றின் ஒரு குறிப்பிட்ட முகம், அணுக்களின் அடுக்கு முறையால், பாதி அலைநீளத்தை ஏறத்தாழ முற்றிலும் விலக்கிவிடுகிறது. மாதிரியை வைக்க வனேடியக் கலம் பயன்படுகிறது. அதிலிருந்து கூர்மையான கோடுகள் எழுவதில்லை என்றே சொல்லலாம்.

நேயலுக்கு 1970-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஷல் 1994-இல் கனடாவின் பெர்ட்ரம் புரொக்கவுசுடன் பெற்றார். வோலன் 1984-இலேயே காலமாகிவிட்டார்.