வலது கை இடது கை தெரியாத பிள்ளைகள்

முத்துக்குளித்துறை பரதவர்கள் கிறிஸ்தவர்களான கதையில் பெரும்பாலும் பெரியவங்க கணக்குத்தான் வரும். முத்துக்குளிப்பு உரிமையில் முஸ்லிம்களோடு தகராறு, போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்பு கேட்டது, 1535-37ல் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம். சரி, பிள்ளைகள் எங்கே?

சவேரியார் 1542 அக்டோபர் 28 அன்று தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில் இருக்கிறார்கள். வலது கை இடது கை தெரியாத குழந்தைகள் ஏராளமான பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சொல்கிறார். யோனா புத்தகத்தில் வரும் சொல்வழக்கு அது. அந்தக் குழந்தைகளை யாரும் கேட்கவில்லை. அப்பாமார் எடுத்த முடிவு.

ஆனா அதே கடிதத்தில், செபம் சொல்லிக்கொடுங்கன்னு பசங்க அவரைச் சாப்பிடவும் தூங்கவும் விடலையாம். 1544 ஜனவரி கடிதத்தில், நோயாளிகள் வீட்டுக்குத் தனக்குப் பதிலாகப் பிள்ளைகளையே அனுப்பியதாக எழுதுகிறார். அவருக்குத் தமிழ் சரளமாக வராது. செபங்களை மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணியவர். வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது பிள்ளைகளின் தமிழ்தான்.

1578ல் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானபோது அந்தக் கைக்குழந்தைகளுக்கு நாற்பது வயசு நெருங்கியிருக்கும். தமிழ் அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் பரதவர்கள். தெரியாமல் ஞானஸ்நானம் வாங்கிய தலைமுறை, தெரிந்தே காசு கொடுத்த காலம் அது. மதமாற்றம் பற்றிப் பேசும்போது இந்த ரெண்டையும் சேர்த்தே பார்க்கணும்னு நினைக்கிறேன்.