கோழித் தீவனத்தின் பூஞ்சை நச்சும் பாக்டீரியாக் காப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

தானியத்திலும் பிண்ணாக்கிலும் வளரும் சில பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சுப்பொருள்கள், பூஞ்சை மடிந்த பின்னும் தீவனத்தில் அழியாமல் எஞ்சி நிற்கும் இயல்புடையவை. அவற்றிலிருந்து இளங்குஞ்சுகளைக் காக்கத் தீவனத்தோடு பாக்டீரியாக்களைச் சேர்க்கும் முறை இரு வழிகளில் வளர்ந்துள்ளது. நச்சைப் பாக்டீரியாவின் உடலோடு பிணைத்து எச்சத்தில் வெளியேற்றுவது ஒரு வழி. நச்சின் மூலக்கூற்றையே மாற்றி வேறுபொருளாக்குவது மற்றொரு வழி. இரண்டும் ‘நச்சு நீக்கம்’ என்ற ஒரே பெயரால் வழங்கினாலும், குஞ்சுக்கு அவை தரும் பாதுகாப்பு ஒரே தன்மையதன்று என்பதை இத்துறையின் வரலாறு உணர்த்துகிறது.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. காரணம் புலப்படாமையால் அது ‘வான்கோழி எக்ஸ் நோய்’ எனப்பட்டது. தொற்றுநோயோ என்று எழுந்த ஐயம், பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே இறப்புகளோடு தொடர்புடையது எனத் தெரிந்தபோது நீங்கியது. பின்னர் அப்பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை இனங்காணப்பட்டு, அதன் பெயரை ஒட்டியே நச்சுக்கு அஃப்ளாடாக்சின் எனப் பெயரிடப்பட்டது. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வது பி வகை என்றும் பச்சையாக ஒளிர்வது ஜி வகை என்றும் அது பகுக்கப்பட்டது. அவற்றுள் மிகக் கொடியது பி1 ஆகும். கல்லீரலின் நொதிகளே பி1 நச்சை எபாக்சைடு என்னும் வினைத்திறன் மிக்க வடிவமாக்குகின்றன. அது டிஎன்ஏவோடும் புரதங்களோடும் பிணைந்து செல்களைச் சிதைக்கிறது. அவ்வடிவத்தைச் செயலிழக்கச் செய்யும் திறன் வான்கோழியின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. வாத்துக் குஞ்சோ மிகச் சிறு அளவு நச்சுக்கும் பித்தநாளச் செல்கள் பெருகிப் பாதிப்பைக் காட்டிவிடுவதால், நச்சை அறியும் ஆய்வுக் கருவியாகவே அது பயன்பட்டது.

இக்கருவியே முதல் பாக்டீரியாத் தீர்வையும் சோதித்தது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் ஏறத்தாழ 1000 நுண்ணுயிர்களை ஆராய்ந்த சீக்லர் குழுவினர், ஃபிளேவோபாக்டீரியம் ஆரான்ஷியாக்கம் என்னும் பாக்டீரியா அஃப்ளாடாக்சினைக் கரைசலிலிருந்து நீக்குவதை 1966இல் வெளியிட்டனர். அவர்கள் நச்சு மறைந்ததோடு நிறைவடையவில்லை; எஞ்சியதை வாத்துக் குஞ்சுகளிடம் சோதித்து, புதிய நச்சு எதுவும் உருவாகவில்லை என்பதையும் நிறுவினர். எனினும், அந்தப் பாக்டீரியாவின் ஆரஞ்சு நிறமியும், உலர்ந்த தீவனத்தில் பாக்டீரியா செயல்பட முடியாமையும் அம்முறை பண்ணையை எட்டத் தடையாயின.

எனவே, தீவனத்தில் இயலாததைக் குஞ்சின் குடலில் நிகழ்த்த முடியுமா என்ற வினா முதன்மை பெற்றது. பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சுக்குத் தாய்க்கோழியின் குடல் நுண்ணுயிர்கள் கிடைப்பதில்லை. அவற்றைப் புகட்டினால் சால்மோனெல்லாத் தொற்றைத் தடுக்கலாம் என்று பின்லாந்தின் நூர்மியும் ரன்டாலாவும் 1973இலேயே காட்டியிருந்தனர். அதே நாட்டில் எல்-நெசாமி குழுவினர், பால்பொருள்களில் பயன்படும் லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் பாக்டீரியா பி1 நச்சைப் பிணைப்பதை 1998இல் வெளியிட்டனர். கோழிக்குஞ்சின் முன்சிறுகுடலில் நிகழ்த்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், அதன் ஜிஜி வகை ஒரே நிமிடத்தில் கரைந்திருந்த நச்சில் 54 விழுக்காட்டைக் குறைத்தது. வெப்பத்தால் கொல்லப்பட்ட பாக்டீரியாவும் நச்சைப் பிணைத்ததால், இது உயிர்ச்செயலன்று, செல்சுவரின் ஒட்டும் பண்பே என்பது தெளிவாயிற்று. ஒட்டியது பிரியவும் கூடும் என்பதே இவ்வழியின் குறை.

சிதைக்கும் வழி வேறொரு நச்சின் வாயிலாக முன்னேறியது. ஃபுசேரியம் பூஞ்சை உண்டாக்கும் டியாக்சிநிவலெனால், அஃப்ளாடாக்சினுக்கு எதிராக ஆராயப்பட்ட களிமண் வகைகளால் போதிய அளவு பிணைக்கப்படுவதில்லை. கோழிக் குடலின் நுண்ணுயிர்கள் அந்நச்சின் எபாக்சைடு வளையத்தை நீக்குவதைக் கனடாவில் 1992இல் வெளியான ஆய்வு காட்டியது. மாட்டின் முதல் இரைப்பையிலிருந்து பிரித்தெடுத்த, அதே மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியாவை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் பன்றித் தீவனத்துக்கும் 2017இல் பறவைத் தீவனத்துக்கும் அனுமதித்தது.

தீவனம் குஞ்சின் குடலில் தங்குவது சில மணி நேரமே. நச்சோ முன்சிறுகுடலிலேயே உறிஞ்சப்படத் தொடங்கிவிடுகிறது. ஆகவே விரைவாகப் பிணைப்பதும் முழுமையாகச் சிதைப்பதும் ஒன்றுக்கொன்று துணையாகலாம். ஆனால் இரண்டும் தானியத்தை நன்கு உலர்த்திச் சேமிப்பதற்கு ஈடாகா. எந்தப் பாக்டீரியாவையும் ஏற்குமுன் 1966இன் வாத்துக் குஞ்சுச் சோதனை எழுப்பிய வினாவையே எழுப்புதல் வேண்டும்: நச்சு மறைந்த இடத்தில் எஞ்சுவது எது, அதை உண்ட குஞ்சு நலமாக வளர்கிறதா?