விடைபெறாமல் போன பாண்ட்: ஃபுகாசியின் கடைசி அல்பமும் தலவிலக் கடற்கரையும்

தலவிலயைத் திருவிழா அன்று எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த நாள் பார்த்தவர்கள் குறைவு. ஆகஸ்ட் திருவிழா முடிந்த மறுநாள் பின்னேரம் மரங்களில் கட்டியிருந்த லவுட்ஸ்பீக்கர்களைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். சிலாபம், நீர்கொழும்பு, மன்னார் எண்டு வந்த சனம் பானை சட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கும். ஒரு கிழமையாக செபமும் பாட்டும் பைலாவுமாகக் கிடந்த இடத்தில் திடீரெண்டு கடல் சத்தம் மட்டும் கேட்கும். அந்தப் பின்னேரத்தில்தான் நாங்கள் நாலு பேரும் கரையில் உட்கார்ந்து, ஒரு போனையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு, ஃபுகாசியின் 'த ஆர்கியுமென்ட்' அல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறது. இந்த வருடத்தோடு நாலாவது தடவை.

எங்களுக்கு அது கம்பஸ் விடுதியில் ஒரு சீனியர் அண்ணாவின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்தது. ஒரு ஃபோல்டர் நிறைய ஆங்கிலப் படம், அதற்குள் எப்படியோ இதுவும். முதல் தடவை கேட்டபோது எங்களில் ஒருவனின் வாப்பா பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். "இது என்னத்த தம்பி, ஜெனரேட்டர் பழுதாப்போன மாதிரிக் கிடக்கு" என்றார். அவர் சொன்னது முழுப் பிழையுமில்லை. அல்பத்தின் தொடக்கத்தில் பெயரில்லாத ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. இரைச்சலுக்கு அடியில் ஒரு செலோ மெதுவாக இழுக்கும். அது முடியும்வரை பொறுத்திருந்தவர்களுக்குத்தான் மிச்சம்.

யார் இந்த ஃபுகாசி? 1987இல் வொஷிங்டன் நகரில் மேடையேறத் தொடங்கிய நாலு பேர்: இயன் மெக்கே, கை பிச்சியோட்டோ, ஜோ லாலி, பிரெண்டன் கன்டி. மெக்கே அதற்கு முன்பு 'மைனர் த்ரெட்' என்ற ஹார்ட்கோர் பங்க் குழுவில் பாடியவர். 1980இல் நண்பர் ஜெஃப் நெல்சனோடு சேர்ந்து 'டிஸ்கோர்ட்' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான். பிச்சியோட்டோவும் கன்டியும் 'ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங்' குழுவில் இருந்தவர்கள். ஹார்ட்கோர் என்றால் வேகம், ஒன்றரை நிமிடப் பாட்டு, கத்தல். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே வேகத்தைக் குறைத்து, நடுவில் மௌனத்தையும் ரெகே மாதிரியான பேஸையும் போட்டால் என்ன வரும் எண்டு தேடிய ஆக்களைத்தான் பிறகு 'போஸ்ட் ஹார்ட்கோர்' என்று சொன்னார்கள். குழுவின் பெயர் வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பேசிய ஒரு கொச்சைச் சொல். பதுங்கித் தாக்கப்பட்டு, கடைசியில் பிணப்பைக்குள் ஸிப் போட்டு மூடப்படுவதைக் குறிப்பது. இதை எங்கள் ஊர் ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இவர்களைப் பற்றி எழுதுகிற எல்லாரும் ஐந்து டொலர் கதையைச் சொல்லுவார்கள். நாங்களும் சொல்லத்தான் வேணும். கூடியவரை எல்லா இடத்திலும் ரிக்கற் ஐந்து டொலர். எந்த வயதுக்காரரும் வரலாம். ரீசேட் விற்கிறதில்லை. (அதனால் யாரோ "இது ஃபுகாசி ரீசேட் இல்லை" எண்டு அச்சடித்து விற்றார்கள்!) கூட்டத்தில் மற்றவர்களை இடித்து அடிபடுகிற ஆளைப் பிடித்து, ஒரு கடித உறைக்குள் அவருடைய ஐந்து டொலரைப் போட்டுக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். 90களின் தொடக்கத்தில் நிர்வாணாவின் வெற்றிக்குப் பிறகு பெரிய கம்பனிகள் இப்படியான குழுக்களைத் தேடித் தேடி ஒப்பந்தம் போட்டபோது, இவர்கள் டிஸ்கோர்ட்டை விட்டுப் போகவேயில்லை. 1990இல் 'ரிப்பீட்டர்' தொடங்கி ஆறு முழு அல்பங்கள். 15 வருடத்தில் ஆயிரத்துக்கு மேல் கொன்சர்ட்.

1998இல் வந்த ஐந்தாவது அல்பத்துக்கு 'எண்ட் ஹிட்ஸ்' எண்டு பெயர். பெயரைப் பார்த்தே "சரி, முடிஞ்சுது, பிரியப்போறாங்கள்" எண்டு வதந்தி பரவியது. பிரியவில்லை. மூன்று வருடம் கழித்து உண்மையான கடைசி அல்பம் வந்தபோது அதில் கடைசி என்ற வாடையே இல்லை.

'த ஆர்கியுமென்ட்' 2001 ஒக்டோபர் 16ஆம் தேதி வெளிவந்தது. நாங்கள் பிறந்ததும் பிறக்காததுமாக இருந்த காலம். அதே வருடம் ஜூலையில்தான் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. ஒக்டோபர் 7இல் அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் குண்டு போடத் தொடங்கியது. அல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஆர்கியுமென்ட்' போரை நியாயப்படுத்துகிற வாதங்களை ஒருபோதும் ஏற்கமாட்டேன் என்று சொல்லுகிற பாட்டு. கேட்டால் செப்டெம்பர் 11க்குப் பிறகு எழுதினது மாதிரியே இருக்கும். ஆனால் அல்பத்தை அந்த வருடம் ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் பதிவுசெய்து முடித்துவிட்டார்கள். வந்த நேரம் அப்படி. பாட்டு முக்கால்வாசி வரை அடங்கியே போகும். பிறகு ஒரு இடத்தில் திறக்கும். அந்த இடத்தில் எங்களில் யாரும் கதைக்கிறதில்லை.

எங்களுக்குள் சண்டை வருகிற பாட்டுகளும் உண்டு. 'ஃபுல் டிஸ்க்ளோஷர்' அளவுக்கு மேல் இனிப்பு என்று ஒருத்தி. அந்தக் கத்தலுக்குப் பின்னால் வருகிற கோரஸ்தான் இவர்களின் முழு வாழ்க்கையிலும் சிறந்த இருபது செக்கன் என்று மற்றவன். 'எக்ஸ் ஸ்பெக்டேட்டர்' பாட்டில் இரண்டு ட்ரம்ஸ். வழக்கமாக அவர்களுடைய மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளுகிற ஜெரி புஷர் இரண்டாவது ட்ரம்ஸ் வாசிக்கிறார். சாமான் தூக்குகிற ஆளையே அல்பத்தில் வாசிக்க வைத்தது எங்களுக்குப் பிடிக்கும். 'த கில்' பாட்டை லாலி கிட்டத்தட்ட முணுமுணுத்தே பாடுகிறார். இரவில் கேட்டால் அதுதான் பயம் தருகிற பாட்டு. 1995இல் வந்த 'ரெட் மெடிசின்' இதைவிடத் துணிச்சலான பரிசோதனை என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குள்ளும் ஒருவன் இருக்கிறான். ஆனால் அதில் பரிசோதனை தனியாகத் தெரியும். இதில் அது பாட்டுக்குள்ளே கரைந்துவிட்டது. அதனால்தான் இத்தனை தரம் கேட்டும் அலுக்கவில்லை என்று நினைக்கிறோம்.

'கேஷ்அவுட்' பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அது வொஷிங்டனில் வாடகைக் குடியிருப்பாளர்களை வெளியேற்றுவது பற்றிய பாட்டு. வீட்டுச் சாமான்கள் தெருவில் கிடக்க, நகரம் "அபிவிருத்தி" அடைகிறது. முதல் பாதியை மெக்கே செய்தி வாசிப்பது மாதிரி அமைதியாகப் பாடுகிறார். அந்த அமைதிதான் கோபம்.

நாங்கள் அதை எங்கே இருந்து கேட்கிறோம் எண்டு பாருங்கள். ஒரு பக்கம் புத்தளக் களப்பு, மற்றப் பக்கம் கடல், நடுவில் ஒடுங்கிய நிலம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு இங்கிருந்தும் தெரியும். பருவத்துக்குப் பருவம் சிலாபம், நீர்கொழும்புப் பக்கமிருந்து மீனவர் வந்து வாடி அடித்துத் தொழில் செய்த கரை இது. போர் முடிகிற காலத்தில் கற்பிட்டியைச் சுற்றியுள்ள 14 தீவுகளைச் சேர்த்துப் பெரிய சுற்றுலாத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நிலமும் கரையும் கைமாறத் தொடங்கின, மீனவர் சங்கங்கள் எதிர்த்து நின்றன. இப்போது கைட் சேர்ஃபிங் பருவத்தில் வானம் முழுக்கக் கலர் கலராகத் துணி பறக்கும். வடிவாகத்தான் இருக்கும். அந்த வருமானத்தில் எங்களில் ஒருவனின் அண்ணா கைட் சேர்ஃபிங் சொல்லிக்கொடுத்து வீடும் கட்டினார், அதையும் மறைக்கவில்லை. ஆனால் வலை பொத்திக்கொண்டிருந்த அந்த வாப்பா சின்ன வயதிலிருந்து கடலுக்கு இறங்கின பாதையில் இப்போது கம்பிவேலி. சுற்றிப் போக இருபது நிமிடம். "பாதை எண்டு எழுதின உறுதி ஒங்கட்ட இருக்கா?" என்று கேட்டார்களாம். பாதைக்கு யார் உறுதி எழுதுவது?

அவருடைய உம்மா 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்தவர். வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய நேரம். கையில் கொண்டுவந்தது ஒரு பை. 'கேஷ்அவுட்' பாட்டில் சாமான்கள் தெருவில் கிடக்கிறதை அவருக்குத் தமிழில் சொன்னபோது, "அவங்களுக்கு சாமான எடுக்கவாவது உட்டாங்களே" என்றார். இதைக் கேட்ட பிறகு அந்தப் பாட்டை முந்தி மாதிரி எங்களால் கேட்க முடியவில்லை. இதில் ஒரு தற்செயல் என்னவென்றால், அல்பம் வந்த அதே நாளில் ஃபுகாசி மூன்று பாட்டுள்ள சின்னத் தட்டு ஒன்றும் வெளியிட்டார்கள். அதன் பெயர் 'ஃபர்னிச்சர்'.

பிறகு என்ன நடந்தது? 2002 நவம்பர் 4, லண்டன். அங்கே வாசித்தார்கள், அதோடு சரி. (தாய்லாந்தில் அரசாங்கமும் புலிகளும் இரண்டாம் சுற்றுப் பேச்சை முடித்ததற்கு அடுத்த நாள் அது. எங்கள் வீடுகளில் அந்த வாரம் வேறு எதையும் கதைத்திருக்க மாட்டார்கள்.) பிரிகிறோம் என்ற அறிக்கை இல்லை, கடைசிச் சுற்றுப்பயணம் இல்லை, கண்ணீர் இல்லை. குடும்பம், பிள்ளைகள், வயதான பெற்றோர், இவைதான் காரணம். காலவரையறை இல்லாத ஓய்வு என்றார்கள். இன்றுவரை அப்படியேதான். லாலி கொஞ்சக் காலம் ரோமில் போய் இருந்தார். பிறகு அவரும் கன்டியும் 'மெஸ்தெடிக்ஸ்' குழுவிலும், மெக்கேயும் லாலியும் 'கொரிக்கி' குழுவிலும் வாசித்தார்கள். நாலு பேரும் சேர்ந்து மேடைக்கு மட்டும் வரவில்லை. எத்தனையோ குழுக்கள் காசுக்காகத் திரும்பி வந்த காலத்தில் இது சின்ன விசயமில்லை.

ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எங்களுக்கு இந்தக் கதையிலே மிகப் பிடித்த பகுதி. ஃபுகாசியின் சவுண்ட் ஆக்கள் வருடக்கணக்காகக் கொன்சர்ட்டுகளைக் கசற்றில் பதிந்து வைத்திருந்தார்கள். 2011 டிசெம்பரில் டிஸ்கோர்ட் அவற்றை ஒவ்வொன்றாக இணையத்தில் போடத் தொடங்கியது. எண்ணூறுக்கு மேற்பட்ட இரவுகள், திகதி, ஊர், மண்டபம் எல்லாவற்றோடும். விலை ஒரு டொலரிலிருந்து நூறு டொலர் வரை உங்கள் விருப்பம், பரிந்துரைக்கிற விலை அதே ஐந்து. ரசிகர்கள் தங்களிடம் இருந்த படங்களையும் நோட்டீஸ்களையும் ரிக்கற் துண்டுகளையும் அனுப்பினார்கள். ரசிகர்கள் எடுத்த வீடியோக்களை மட்டும் கோர்த்து ஒரு படமும் வந்திருக்கிறது. ஒரு பதிவில் கிற்றார் தந்தி அறுந்தது கேட்கும், இன்னொன்றில் யாரையாவது அடிபடாதே என்று ஏசுவது கேட்கும். கடைசி அல்பத்துக்குப் பிறகு புதிதாக ஒரு பாட்டும் வரவில்லை, ஆனால் கேட்க இன்னும் ஒரு ஆயுளுக்குக் கிடக்கிறது.

இது எங்களுக்கு அந்நியமான பழக்கம் இல்லை. 70களின் ஈழத்துப் பொப் பாட்டுகளை எடுங்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யை நாங்கள் தட்டிலிருந்தா படித்தோம்? கம்பஸ் ட்ரிப் பஸ்ஸில், சீனியர்களின் வாயிலிருந்து. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் இன்னும் 'மஞ்சா' பாடுகிறார்கள். தாளம் கை தட்டியும் போத்தலில் கரண்டி தட்டியும். பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். பாடுகிறவர்களிலேயே பலருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது, ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. "இங்கிலீஷ் பாட்டு விளங்குதா ஒனக்கு?" என்று யாராவது எங்களைக் கேட்டால் நாங்கள் சிறாம்பியடியைத்தான் காட்டுகிறது.

இந்த அல்பம் பதிவான இடத்தையும் சொல்லிவிடுகிறோம். வேர்ஜினியா மாநிலம் ஆர்லிங்டனில், டொன் ஸியன்டாராவின் 'இன்னர் இயர்' ஸ்டூடியோ. வொஷிங்டன் பங்க் இசையின் பெரும்பகுதி அவர் கையால்தான் பதிவானது. 2021இல் அந்த ஸ்டூடியோ மூடப்பட்டது. அந்த இடத்தைப் புதிதாக அபிவிருத்தி செய்ய உள்ளூராட்சி நிர்வாகம் கட்டடத்தை வாங்கியது. 'கேஷ்அவுட்' பதிந்த அறைக்கே அப்படி நடந்தது.

இந்த வருடம் நாங்கள் இறுதியாண்டு. ஒருவன் கட்டார் போகிறான், விசா வந்துவிட்டது. ஒருத்திக்குத் திருகோணமலைப் பக்கம் வேலை கிடைக்கும் போல. அடுத்த ஆகஸ்டில் நாலு பேரும் வருவோமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதற்கு எல்லாரும் கொஞ்சம் கஷ்டப்பட்டோம். கடைசிப் பாட்டு ஓடும்போது கட்டாருக்குப் போகிறவன் தன் போனில் ரெக்கோர்ட் போட்டுவிட்டான். அதில் பாட்டைவிடக் காற்றுத்தான் கூடக் கேட்கிறது. லொறியில் ஸ்பீக்கர் ஏற்றுகிற ஆக்கள் சிங்களத்தில் ஏசுவதும் கேட்கிறது. நடுவில் அந்த வாப்பா, "இன்னும் முடியல்லையா ஒங்கட ஜெனரேட்டர்?" என்கிறார். ஃபைலுக்கு ஃபுகாசிக்காரர் மாதிரியே பெயர் வைத்தோம்: முதலில் திகதி, பிறகு தலவில. எங்கள் நாலு பேரின் போனிலும் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறோம், காசு வேண்டாம்.