எங்க ஊர் தண்டவாளத்துல ஓடின அரசியல்

சென்னையிலிருந்து பகல் வண்டியில் திருச்சிக்கு வருகிறவர்கள் விருத்தாசலம் தாண்டியதும் தூங்கிவிடுவார்கள். வெளியே பார்க்க என்ன இருக்கு? கரிசல் கொல்லை, மக்காச்சோளம், பருத்தி, நடுநடுவே சிமெண்ட் ஆலைப் புகைக்கூண்டு. அரியலூரில் வண்டி நிக்கும். அப்புறம் மருதையாற்றுப் பாலம், சில்லக்குடி, கல்லகம், கல்லக்குடி. அதுக்கும் அங்கிட்டு லால்குடி நெல்வயல் வந்துடும்.

ஆனா தமிழ்நாட்டு அரசியலில் பெரிசா பேசப்பட்ட நாலு சம்பவம் இந்தத் துண்டுத் தண்டவாளத்தோட ஒட்டினது. நாலையும் தனித்தனியா படிச்சிருப்பீங்க. வரிசையா வச்சுப் பார்த்தா வேற ஒண்ணு தெரியுது.

முதலில் கல்லக்குடி. சுண்ணாம்புக்கல் கிடைக்கிற பூமி என்பதால் டால்மியா அங்கே சிமெண்ட் ஆலை போட்டது. ஆலை வந்ததும் ஊர்ப்பேரும் ரயில் நிலையப் பேரும் டால்மியாபுரம் ஆச்சு. வடநாட்டு முதலாளி பேரை எங்க ஊருக்கு எதுக்கு வைக்கணும் என்று திமுக கேட்டது. 1953 ஜூலை 15-ல் மும்முனைப் போராட்டம். ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து ஒரு முனை, நேருவின் பேச்சைக் கண்டித்து ஒரு முனை, மூணாவது முனை கல்லக்குடி. மு. கருணாநிதி போர்டில் பேரை மறைத்து தாள் ஒட்டிவிட்டு, தோழர்களோடு தண்டவாளத்தில் படுத்தார். கண்ணதாசனும் அந்தப் போராட்டத்தில் இருந்தார். அன்னைக்கு போலீஸோடு நடந்த மோதலில் இரண்டு பேர் செத்தாங்க. தலைவர்கள் ஜெயிலுக்குப் போனாங்க.

கருணாநிதி 1957-ல் குளித்தலையில் ஜெயிச்சு சட்டசபைக்குப் போனார், 1969-ல் முதலமைச்சர் ஆனார். கண்ணதாசன் 1961-ல் ஈ.வெ.கி. சம்பத்தோடு தமிழ் தேசியக் கட்சிக்குப் போய், பிறகு காங்கிரஸ்காரர் ஆனார். ஸ்டேஷன் போர்டும் கல்லக்குடி என்றே மாறியது. செத்த இரண்டு பேர் பேரை எங்க பக்கத்துல கேட்டுப் பாருங்க. பத்தில் ஒருத்தர் சொன்னாலே ஆச்சரியம்.

இரண்டாவது, மருதையாறு. 1956 நவம்பர் 23. மழைக்காலம், ஆத்துல வெள்ளம். தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி வந்து பாலத்துல கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் போயிட்டாங்க. ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். ரெண்டு மாசம் முன்னாடி மகபூப்நகர் விபத்துக்கே ராஜினாமா கொடுத்தவர், நேரு தடுத்திருந்தார். இந்தத் தடவை, சாஸ்திரி மேல தப்பில்லைன்னு தெரிஞ்சும், முன்மாதிரியா இருக்கட்டும் என்று நேரு ஏற்றுக்கொண்டார்.

ரயில்வே துணை மந்திரி ஓ.வி. அழகேசன், நம்ம தமிழர். அவர் பேரையும் அரியலூரையும் மோனையாகச் சேர்த்து திமுக ஒரு கோஷம் கட்டி 1957 தேர்தலில் ஊர் ஊராகக் கொண்டுபோனது. செங்கல்பட்டில் அழகேசன் தோற்றார். சாஸ்திரி அதே 1957-ல் ஜெயிச்சு மறுபடி மந்திரி ஆனார். விபத்தில் செத்தவங்க ஒரு கட்சிக்கு முன்மாதிரி ஆனாங்க, இன்னொரு கட்சிக்கு கோஷம் ஆனாங்க.

மூணாவதுதான் என்னால லேசா கடந்துபோக முடியாதது. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போற ரோட்டில் இருக்கு கீழப்பழுவூர். அந்த ஊர் சின்னசாமிக்கு 27 வயசு. திமுக தொண்டர். பொண்டாட்டி, ஒரு சின்னப் பெண் குழந்தை; குழந்தைக்கு வச்ச பேரிலேயே 'திராவிட' இருந்தது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஒன்றே ஆட்சிமொழி ஆகிவிடுமோ என்ற பயம் நாடு முழுக்க பரவியிருந்த நேரம். 1963 ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் தொடரலாம் என்றது, தொடரும் என்று உறுதியாகச் சொல்லவில்லை. அதே வருஷம் 16-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்ததும் திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. அப்போ கட்சிக்காரர்கள் கையில் மிஞ்சியது மொழிதான். 1963 ஜூனில் சைகோனில் ஒரு புத்த பிக்கு தீக்குளித்த படம் உலகப் பத்திரிகைகளில் வந்திருந்தது. 1964 ஜனவரி 25-ந் தேதி திருச்சி ரயில் நிலையத்துக்கு முன்னால் சின்னசாமி தீக்குளித்தார். தமிழ் வாழணும், இந்தி ஒழியணும் என்று கத்திக்கொண்டே செத்தார். இந்தி எதிர்ப்பில் அதுதான் முதல் தீக்குளிப்பு.

அடுத்த ஜனவரியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இன்னும் பலர் தீக்குளித்தார்கள். துப்பாக்கிச் சூடு, அரசாங்கக் கணக்கிலேயே சாவு 70 பேர் வரை. அப்போ பிரதமர் யாரு? அரியலூர் விபத்துக்கு ராஜினாமா செய்த அதே சாஸ்திரி. அவர் ஆட்சியில் மந்திரியாக இருந்தவர் அதே அழகேசன்! 1965 பிப்ரவரியில் சி. சுப்பிரமணியமும் அழகேசனும் மொழிக்காக மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்கள். சாஸ்திரி ரேடியோவில் பேசி, நேரு கொடுத்த உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார். ராஜினாமா இரண்டும் திரும்பப் பெறப்பட்டன.

நான் சொல்ல வந்தது இதுதான். சாஸ்திரி விட்ட மந்திரி பதவி திரும்ப வந்தது. அழகேசன் கொடுத்த கடிதமும் திரும்ப வந்தது. ஜெயிலுக்குப் போனவர்கள் கோட்டைக்குப் போனார்கள். சின்னசாமி கொடுத்ததை மட்டும் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியலை. இதில் எந்தத் தலைவரையும் நடிச்சார்னு சொல்ல மாட்டேன். சாஸ்திரி மாதிரி இன்னொரு மந்திரியைப் பார்க்க நாம ஏங்குறோம். ஆனா ஒரே கொள்கைக்கு மேலே இருக்கிறவன் கொடுக்கிற விலையும் கீழே இருக்கிறவன் கொடுக்கிற விலையும் ஒண்ணு இல்லை.

நாலாவது 1986 மார்ச் 15. திரும்பவும் மருதையாறு. மாவோ வழி நக்சல்பாரியாகத் தொடங்கி, தமிழ் தேசிய விடுதலைக்கு வந்தவர் தமிழரசன். ஈழத்தில் தமிழர்கள் செத்துக்கொண்டிருந்த காலம். அவருடைய அமைப்பு பாலத்தில் குண்டு வைத்தது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து பயணிகள் பலர் செத்தார்கள். 'விடுதலை' படத்தின் ஆரம்ப ரயில் காட்சியைப் பார்த்தவர்களுக்கு ஓரளவு தெரியும். ஆளைக் கொல்வது நோக்கமில்லை, கவனத்தைத் திருப்பவே செய்தோம் என்பது அந்தத் தரப்பின் வாதம். வண்டியில் இருந்தவங்களும் தமிழ் ஜனங்கதான். 1987 செப்டம்பர் 1, பொன்பரப்பி வங்கிக்குள் பணம் எடுக்கப் போன தமிழரசனும் கூட வந்த நாலு பேரும் கூட்டத்தால் அடித்தே கொல்லப்பட்டார்கள். கையில் துப்பாக்கி இருந்தும் ஜனங்களைச் சுடலை என்று அவர் ஆதரவாளர்கள் இன்னைக்கும் சொல்றாங்க. அடிச்ச கூட்டத்தில் போலீஸ் கலந்திருந்தது என்றும் சொல்றாங்க. யாருக்காக ஆயுதம் எடுத்தாரோ அவங்க கண்முன்னாலேயே செத்தார் என்பதுதான் மிச்சம்.

இதையெல்லாம் படிச்சிட்டு 'அரசியலே வேண்டாம்ப்பா' என்று நகரத்து நண்பர்கள் சிலர் சொல்வாங்க. நான் அப்படி நினைக்கலை. 1967-ல் ஆட்சி மாறி, 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கை வந்தது. இந்தி தெரியாமலே எங்க ஊர்ப் பையன் மத்திய அரசு வேலைக்குப் போறான்னா, அதில் கீழப்பழுவூருக்குப் பங்கு இருக்கு. ஒவ்வொரு ஜனவரி 25-க்கும் மொழிப்போர் தியாகிகளுக்குக் கட்சிகள் தனித்தனி மேடை போட்டு மாலை போடுது. போடட்டும்.

ஆனா மேடையில் பேசுறவர்கிட்ட ஒண்ணு கேக்கலாம்: நீங்க இதுக்கு என்ன கொடுக்கப்போறீங்க, அது உங்களுக்குத் திரும்ப வருமா? பெரம்பலூர்க்காரன் ரயில் ஏறணும்னா இன்னைக்கும் அரியலூருக்குத்தான் பஸ் பிடிச்சு வரணும். பெரம்பலூருக்கு ரயில் என்பது தேர்தலுக்குத் தேர்தல் வருகிற வாக்குறுதி. அது வரலைன்னு ராஜினாமா கொடுத்தவர் யாரும் இல்லை. அதுக்காக எங்க பக்கத்துப் பையன் எவனும் இனி தண்டவாளத்தில் படுக்க வேண்டாம், தீக்குளிக்கவும் வேண்டாம். மனு கொடுக்கட்டும், ஓட்டைப் பார்த்துப் போடட்டும், சாயங்காலம் கொல்லைக்குத் திரும்பி வரட்டும்.